பெட்ரோல் தொட்டியில் தண்ணீர்: எரிசாராயம் மருந்தாகுமா?

மழைக்காலத்து விடியற்காலை ஒன்றில் குத்தம்பாக்கத்து அங்கத்தினர் ஒருவர் கீரைக்கட்டுகளையும் வெண்டைக்காய் மூட்டையையும் தம் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு கோயம்பேடு சந்தைக்குப் புறப்பட்டார். முதல்நாள் இரவு முழுவதும் வண்டி வாசலில் மழையில் நனைந்தபடி நின்றிருந்தது. திருமழிசையைத் தாண்டுமுன் அது இருமுறை திணறிப் பின் நின்றேவிட்டது. வழியிற் கண்ட நண்பர் ஒருவர், "தொட்டியில் தண்ணீர் இறங்கியிருக்கிறது, கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றினால் தண்ணீரையெல்லாம் அது குடித்துவிடும்" என்றார். கொரோனாக் காலத்தில் வாங்கி மீந்திருந்த கைச்சுத்திகரிப்புக் குப்பி ஒன்று வீட்டிலிருந்து கொணரப்பட்டுத் தொட்டியில் ஊற்றப்பட்டது. வண்டி சிறிது தூரம் ஓடி மீண்டும் நின்றது. மறுநாள் மெக்கானிக் தொட்டியைக் கழற்றிக் கவிழ்த்தபோது அடியில் ஏறக்குறைய ஒரு டம்ளர் கலங்கிய நீர் இருந்தது. கீரை வாடிற்று, இரண்டு நாள் வருமானம் போயிற்று, பழுது பார்த்த செலவும் சேர்ந்தது.

நண்பர் கூறிய யோசனை முழுப் பொய்யும் அன்று. முழு உண்மையும் அன்று. அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பிழை என்பதை அறிந்துகொண்டால், நூலும் துணியும் ஏற்றிச் செல்லும் நெசவாளருக்கும், காய்கறியும் பூவும் ஏற்றிச் செல்லும் விவசாயிக்கும் பல ரூபாய் மிச்சமாகும். ஆகவே இம்மாதப் பாடமாக அதனையே எடுத்துக்கொள்வோம்.

தண்ணீர் எவ்வழியாக வருகிறது?

பெட்ரோல் தொட்டி மூடியிட்ட பாத்திரமே ஆயினும், தண்ணீர் அதனுள் புகுவதற்குப் பல வழிகள் உண்டு. முதலாவது, மூடியிலுள்ள ரப்பர் வளையம். வெயிலில் காய்ந்து வெடித்துப் போன வளையம் மழைநீரைத் தடுக்காது. இரண்டாவது, பல இருசக்கர வண்டிகளில் மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் நீர் வெளியேறுவதற்கென்றே அமைந்துள்ள சிறு துளை. அது தூசியால் அடைபடுமாயின் பள்ளத்தில் நீர் தேங்கி, மெல்ல உள்ளே கசியும். மூன்றாவது, வேகமாகத் தண்ணீரைப் பீய்ச்சி வண்டி கழுவும் வழக்கம். நான்காவது, பாதி காலியான தொட்டியில் உள்ள ஈரக்காற்று இரவில் குளிர்ந்து துளிகளாக மாறுவது. இது நம் வெப்ப நாட்டில் சிறு அளவே.

ஐந்தாவது வழி வெள்ளம். 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் நம் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிடப்பட்ட உபரிநீரும் பெருமழையும் சேர்ந்து அடையாற்றுக் கரைகளை மூழ்கடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர் தொழிற்பேட்டை முதலிய இடங்களில் தண்ணீர் தேங்கி நின்றது. இருமுறையும் எண்ணற்ற வண்டிகள் நீரில் நின்றன. அவ்வாறு நின்ற வண்டியின் தொட்டியில் துளிக்கணக்கில் அன்று, லிட்டர்க் கணக்கிலும் தண்ணீர் புகக்கூடும்.

மூன்று நீர்மங்களின் இயல்பு

பெட்ரோலும் தண்ணீரும் ஒன்றோடொன்று கலவா. ஒரு லிட்டர்ப் பெட்ரோலில் ஒரு சில துளித் தண்ணீரே கரையும். மிகுதி, தண்ணீர் கனமானதால், அடியிற் சென்று தங்கும். இயந்திரத்திற்கு எரிபொருள் செல்லும் குழாயோ, பம்போ பெரும்பாலும் தொட்டியின் அடிப்பகுதியிலிருந்துதான் உறிஞ்சுகிறது. எனவே இயந்திரத்திற்கு முதலிற் போய்ச் சேர்வது தண்ணீரே. தண்ணீர் எரியாது, ஆகவே வண்டி திணறி நிற்கிறது. தொடர்ந்து தங்கினால் இரும்புத் தொட்டி துருப்பிடிக்கிறது. அத்துரு நுண்ணிய துளைகளை அடைக்கிறது. 2020ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாட்டில் விற்பனையாகும் பாரத் ஸ்டேஜ் 6 தரத்து இருசக்கர வண்டிகள் பெரும்பாலானவற்றில் பழைய கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் வந்துவிட்டன. கார்புரேட்டரைத் திறந்து துடைத்துவிடலாம். இன்ஜெக்டரும் பம்பும் பழுதானால் செலவு பன்மடங்கு.

ஆல்கஹாலின் இயல்பு வேறு. அது தண்ணீரோடும் கூடும்; பெட்ரோலோடும் கூடும். நூலில் தானாக ஒட்டாத சாயத்தைப் படிகாரம் இடையில் நின்று நூலோடு பிணைப்பதை நெசவாளர் அறிவர். அவ்வாறே ஆல்கஹாலும் இடையில் நின்று, சிறிதளவு தண்ணீரைப் பெட்ரோலோடு கரைந்திருக்கச் செய்கிறது. கரைந்த தண்ணீர் பெட்ரோலோடு இயந்திரத்துக்குச் சென்று நீராவியாகப் புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். இதுவே நண்பர் கூறிய யோசனையில் உள்ள உண்மை.

இங்கே ஒன்று கவனிக்கற்பாலது. ஆல்கஹால் தண்ணீரை அழிப்பதில்லை. தொட்டியிலிருந்து எடுத்து வெளியே எறிவதுமில்லை. கரைத்து வைத்திருக்கிறது, அவ்வளவே. கரைக்கும் ஆற்றலுக்கும் ஓர் எல்லை உண்டு.

குளிர் நாடுகளின் வழக்கம்

வட அமெரிக்கா போன்ற குளிர் நாடுகளில் பெட்ரோல் தொட்டியில் ஊற்றுவதற்கென்றே ஆல்கஹால் குப்பிகள் நெடுங்காலமாகக் கடைகளில் விற்கப்படுகின்றன. சிலவற்றில் மெத்தனாலும், சிலவற்றில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் இருக்கும். அங்கே பனிக்காலத்தில், எரிபொருள் குழாயில் நிற்கும் ஒரு துளித் தண்ணீரே உறைந்து பனிக்கட்டியாகிக் குழாயை அடைத்துவிடும். அத்துளியை உறையாமற் காப்பதே அக்குப்பிகளின் முதல் நோக்கம். ஆல்கஹால் கலவாத பெட்ரோல் விற்ற காலத்தில் அவ்வழக்கத்திற்குப் பொருள் இருந்தது.

நம் பூவிருந்தவல்லி வட்டாரத்தில் தண்ணீர் உறையும் குளிர் கிடையாது. நமக்குள்ள இடையூறு உறைதலன்று. மழையும் வெள்ளமும் ஆகும். எனவே அந்நாட்டு மருந்தை அப்படியே இங்குக் கொண்டுவருதல் பொருந்துமா என்று கேட்க வேண்டியுள்ளது.

நம் பெட்ரோலில் முன்னரே உள்ள ஆல்கஹால்

இக்கேள்விக்கு விடை காண, நாம் வாங்கும் பெட்ரோலில் என்ன இருக்கிறது என்பதை அறிதல் வேண்டும். எரிபொருளில் ஆல்கஹால் கலக்கும் எண்ணம் நம் நாட்டில் புதிதன்று. 1948ஆம் ஆண்டிலேயே இதற்கென இந்திய எரிசக்தி ஆல்கஹால் சட்டம் இயற்றப்பட்டது. அது 2000ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டு ஜனவரியில் தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களில் 5 விழுக்காடு எத்தனால் கலக்கும் திட்டம் தொடங்கியது. 2022ஆம் ஆண்டு ஜூனில் நாடு முழுவதற்குமான சராசரி 10 விழுக்காட்டை எட்டியது. 2023ஆம் ஆண்டு பிப்ரவரியில் 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் அறிமுகமாயிற்று. 2025ஆம் ஆண்டில் அந்த 20 விழுக்காடும் எட்டப்பட்டது.

இந்த எத்தனால் எங்கிருந்து வருகிறது? கரும்பிலிருந்தும், அரிசி, மக்காச்சோளம் முதலிய தானியங்களிலிருந்தும் வருகிறது. சர்க்கரை ஆலையில் மொலாசஸ் எனப்படும் கழிவுப்பாகு புளிக்க வைக்கப்பட்டு, வடிக்கப்பட்டு எத்தனாலாகிறது. ஒரு டன் கழிவுப்பாகிலிருந்து சுமார் 220 முதல் 250 லிட்டர் வரை கிடைக்கும். நம் மாநிலத்தில் உடுமலைப்பேட்டையை அடுத்த அமராவதி கூட்டுறவு சர்க்கரை ஆலையும், மோகனூரிலுள்ள சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலையும் வடிசாலையோடு அமைந்தவை. ஆகவே இப்பொருள் கரும்பு விவசாயிகளின் உழைப்போடும் கூட்டுறவோடும் தொடர்புடையது. அதனை வெறுத்தொதுக்க வேண்டுவதில்லை. அதன் இயல்பறிந்து பயன்படுத்துதல் வேண்டும்.

பெட்ரோலில் கலப்பதற்குரிய எத்தனால் சாதாரண எரிசாராயம் அன்று. சாதாரண வடிப்பில் கிடைக்கும் எரிசாராயத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பங்கு தண்ணீர் எஞ்சி நிற்கும். எத்தனை முறை வடித்தாலும் அது நீங்காது. வேறு முறைகளால் அத்தண்ணீரையும் நீக்கி, 99.5 விழுக்காடு தூய்மையாக்கிய பின்னரே அது பெட்ரோலோடு கலக்கப்படுகிறது. தண்ணீர் சேரலாகாது என்பதில் ஆலையே இவ்வளவு கவனம் கொள்ளும்போது, தண்ணீர் கலந்த கைச்சுத்திகரிப்பு நீரைத் தொட்டியில் நாமே ஊற்றுதல் எத்தகைய செயல் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அக்குப்பியில் நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு வரை தண்ணீர். மேலும் கிளிசரினும் மணப்பொருளும் உண்டு. நம் அங்கத்தினர் தண்ணீரை நீக்க எண்ணித் தண்ணீரையே சேர்த்தார்.

ஒரு சிறு கணக்கு

10 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல், சாதாரண வெப்பநிலையில் நூற்றில் அரைப் பங்கு வரை தண்ணீரைக் கரைத்து வைத்திருக்கும். 20 விழுக்காடு கலந்ததில் இவ்வெல்லை இன்னும் சற்று உயரும். குளிர்ந்தால் குறையும். அரைப் பங்கு என்றே கொண்டு கணக்கிடுவோம். 40 லிட்டர் நிறைந்த கார்த் தொட்டியில் 200 மில்லி லிட்டர், அதாவது ஒரு டம்ளர்த் தண்ணீர் கரைந்து போகும். ஒரே ஒரு லிட்டர் மட்டும் உள்ள மொபெட் தொட்டியில் 5 மில்லி லிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டியே கரையும். தொட்டி காலியாக இருக்க இருக்க ஆபத்து மிகுதி என்பது இதனால் விளங்கும்.

எல்லையைத் தாண்டினால் நேர்வது என்ன? தண்ணீர் தனித்துப் பிரியும்போது தனியே பிரிவதில்லை. பெட்ரோலிலிருந்த எத்தனாலையும் தன்னோடு இழுத்துக்கொண்டு அடியில் இறங்குகிறது. அதனால்தான் உள்ளே புகுந்த தண்ணீர் சிறிதாயினும், அடியில் நிற்கும் நீர்மம் பெரிதாகக் காணப்படுகிறது. மேலே எஞ்சும் பெட்ரோலும் எத்தனாலை இழந்து, தரம் குன்றி, இயந்திரத்தில் தட்டல் ஓசையை உண்டாக்கும். கீழ்ப்பகுதியும் கெட்டது, மேற்பகுதியும் கெட்டது என்ற நிலை.

இந்நிலையில் ஒரு குப்பி ஆல்கஹால் என்ன செய்யும்? 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் 40 லிட்டர் உள்ள தொட்டியில் முன்னரே 8 லிட்டர் எத்தனால் இருக்கிறது. அதில் 350 மில்லி லிட்டர் கொண்ட குப்பியை ஊற்றினால், 20 விழுக்காடு 20.7 விழுக்காடாகும். 8 லிட்டரால் ஆகாத காரியம் மேலும் ஒரு குப்பியால் ஆகிவிடுமா? நாம் ஒவ்வொரு முறை பெட்ரோல் வாங்கும்போதும் அம்மருந்தையும் சேர்த்தே வாங்குகிறோம். சில துளித் தண்ணீராயின், புதிய பெட்ரோலைத் தொட்டி நிறைய ஊற்றினாலே அது கரைந்துவிடும், குப்பி வேண்டா. டம்ளர்க் கணக்கில் தண்ணீராயின், குப்பியால் பயனில்லை, வடித்தேயாக வேண்டும். இந்தப் பாடத்தின் சாரம் இதுவே.

ஐயம் தீர்க்கும் சோதனை

பெட்ரோல் நிலையத்தில் கலப்படம் என்று சச்சரவு எழும்போது, சிலர் பாட்டிலில் பெட்ரோலை எடுத்துத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, அடியில் தண்ணீர் கூடுவதைக் காட்டி, "பாருங்கள், பாதி தண்ணீர்" என்பர். இது தவறான முடிவு. அளவுக் கோடிட்ட கண்ணாடிக் குழாயில் 100 மில்லி லிட்டர் பெட்ரோலும் 20 மில்லி லிட்டர் தண்ணீரும் சேர்த்துக் குலுக்கி வைத்தால், சிறிது நேரத்தில் கீழ்ப்பகுதி 40 மில்லி லிட்டர் அளவுக்கு உயர்ந்து நிற்கும். உயர்ந்த 20 மில்லி லிட்டரும் தண்ணீரன்று. பெட்ரோலிலிருந்து தண்ணீரை நோக்கி வந்த எத்தனாலே.

உண்மையில் தண்ணீர் உள்ளதா என்று அறிய வேண்டுமாயின், எதையும் சேர்க்காமல் தொட்டியின் அடியிலிருந்து எடுத்த பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் அரைமணி நேரம் அசைக்காமல் வைத்துப் பார்த்தாற் போதும். தெளிவாக ஒரே நீர்மமாக நின்றால் குற்றமில்லை. கலங்கலாகவோ, இரு அடுக்காகவோ நின்றால் தண்ணீர் இருக்கிறது. இச்சோதனைகளைத் திறந்த வெளியில், அடுப்பும் விளக்கும் பீடியும் சிகரெட்டும் அணுகாத இடத்தில், தெரிந்த மெக்கானிக் ஒருவர் உடனிருக்கச் செய்தல் வேண்டும். சிறுவர்களை அருகில் விடலாகாது.

செய்யத்தக்கவை

1. வெள்ளத்தில் நின்ற வண்டியை எக்காரணம் கொண்டும் உடனே கிளப்ப முயலலாகாது. நீர் உட்புகுந்த இயந்திரத்தைச் சுழற்றினால் உட்கருவிகள் வளைந்துவிடும். அவ்வாறு முயன்றதால் நேரும் சேதத்தைச் சாதாரண வாகனக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை.

2. பாட்டரி இணைப்பைக் கழற்றி, வண்டியைத் தள்ளியே பட்டறைக்குக் கொண்டுசெல்க.

3. தொட்டியை முழுவதும் வடித்து, உலர்த்தி, வடிகட்டியை மாற்றிய பின்னரே புதிய பெட்ரோல் ஊற்றுக. கார்புரேட்டர் உள்ள வண்டியாயின், அதன் அடிக்கிண்ணத்துத் திருகாணியைத் தளர்த்தி அங்குள்ளதையும் வடித்துவிடுக.

4. இரு அடுக்காகப் பிரிந்த பெட்ரோலின் மேற்பகுதியை மட்டும் எடுத்து மீண்டும் ஊற்றும் சிக்கனம் வேண்டா. அது தரம் குன்றியது.

5. வடித்ததைக் கிணற்றிலோ, வாய்க்காலிலோ, ஏரிக்கரையிலோ கொட்டலாகாது. செம்பரம்பாக்கம் ஏரி சென்னை மக்களின் குடிநீர். நம் வயலுக்கும் கிணற்றுக்கும் ஊறும் நீரும் அதுவே. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்து மீனவர்களின் வலையும் படகும் கறுத்துப்போனதை நினைவிற் கொள்க. கழிவெண்ணெயைச் சேகரித்து ஒப்படைக்கும் பட்டறையிடம் சேர்த்துவிடுக.

6. மழைக்காலத்தில் தொட்டியைப் பாதிக்கும் குறையாமல் வைத்துக்கொள்க. நெடுநாள் ஓட்டாத வண்டியில் பழைய பெட்ரோலைத் தேக்கி வைக்கலாகாது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் மெல்ல உறிஞ்சும்.

டீசல் வண்டிகள்

டிராக்டர், பவர் டில்லர், டெம்போ, டீசல் பம்புசெட் ஆகியவற்றுக்கு மேற்கூறிய எத்தனால் கணக்கு பொருந்தாது. நாம் வாங்கும் டீசலில் எத்தனால் கலக்கப்படுவதில்லை. டீசலில் ஆல்கஹாலை ஊற்றுவது கேடே விளைக்கும். டீசல் தன் பசைத்தன்மையால் உயர் அழுத்தப் பம்புக்கு மசகெண்ணெயாகவும் உதவுகிறது. ஆல்கஹால் அத்தன்மையைக் குறைத்துவிடும். எளிதில் தீப்பற்றும் ஆபத்தும் கூடும். டீசல் இயந்திரங்களில் வடிகட்டியின் அடியில் தண்ணீர் தங்குவதற்கென்றே கிண்ணமும், அதனை வடிக்கத் திருகாணியும் பெரும்பாலும் அமைந்திருக்கும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை அதனைத் திறந்து வடித்துவிடுதல் போதுமானது. ஐந்து நிமிட வேலைக்காகச் சோம்பி, பம்பைப் பழுதாக்கிக்கொண்டு உழவு நாளை இழக்கலாகாது.

ஓர் எச்சரிக்கை

ஆல்கஹால்கள் யாவும் ஒன்றல்ல. பார்வைக்கும் மணத்துக்கும் எத்தனாலைப் போலவே தோன்றும் மெத்தனால் கொடிய விஷம். சிறிதளவு உட்சென்றாலும் கண் பார்வை போகும், உயிரும் போகும். 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் மரக்காணம் அருகிலும், 2024ஆம் ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் நேர்ந்த சாவுகள் மெத்தனாலால் நேர்ந்தவை. கள்ளக்குறிச்சியில் மட்டும் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அலுமினியம் முதலிய உலோகங்களையும் மெத்தனால் அரிக்கும். ஆகவே வண்டிக்கு மருந்து என்ற பெயரில் அதனைக் குப்பியில் அடைத்து வீட்டுப் பரணிலோ, தறி மூலையிலோ வைத்திருத்தல் பெருந்தவறு. உரிமமின்றி எரிசாராயம் வைத்திருப்பது தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி குற்றமும் ஆகும். ஒரு டம்ளர்த் தண்ணீரை நீக்கப் போய் ஓர் உயிரை இழக்கலாமா?

சங்கம் செய்யக்கூடியது

ஒருவர் தனியாக நினைவு வைத்துச் செய்ய வேண்டியதை, சங்கமாகக் கூடிச் செய்தால் எளிதாகிறது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்கு முன் செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வண்டிச் சோதனை நாளாக வைத்துக்கொள்ளலாம். உள்ளூர் மெக்கானிக் ஒருவரை அழைத்து, அங்கத்தினர் வண்டிகளின் மூடி வளையம், நீர்த் துளை, வடிகட்டி ஆகியவற்றைப் பார்க்கச் செய்யலாம். தேய்ந்த வளையங்களைத் தனித்தனியே வாங்காமல் மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும். வீட்டில் கூரையில்லாதோர் வண்டிகளை மழையிரவுகளில் சங்கக் கிடங்கின் தாழ்வாரத்தில் நிறுத்த இடமளிக்கலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு ஏதுமில்லை.

தொடக்கத்திற் கூறிய நம் அங்கத்தினரின் வண்டியில் உடைந்திருந்தது மூடியின் ரப்பர் வளையம் ஒன்றே. அவர் இழந்தது இரண்டு நாள் சந்தை. அடுத்த மழைக்கு முன் நாம் ஒவ்வொருவரும் நம் வண்டியின் மூடியை ஒருமுறை திறந்து பார்ப்போமாக.

படிப்பு வட்டத்தில் ஆராய்வதற்குரிய வினாக்கள்

1. ஆல்கஹால் தண்ணீரை அழிக்கிறதா, கரைத்து வைத்திருக்கிறதா? இரண்டுக்கும் வேறுபாடு யாது?

2. ஒரே அளவு தண்ணீர் புகுந்தபோது, நிறைந்த தொட்டியை விடக் காலித் தொட்டி விரைவிற் கெடுவது ஏன்?

3. பெட்ரோலில் தண்ணீர் ஊற்றிக் குலுக்கும்போது அடிப்பகுதி உயர்வது கலப்படத்துக்குச் சான்றாகுமா?

4. கைச்சுத்திகரிப்பு நீரைத் தொட்டியில் ஊற்றலாகாது என்பதற்கு இரு காரணங்கள் கூறுக.

5. டீசல் இயந்திரத்தில் தண்ணீரை நீக்கும் முறை யாது?

6. நம் சங்கத்தில் வண்டிச் சோதனை நாளை எந்த ஞாயிற்றுக்கிழமை வைக்கலாம்? பொறுப்பேற்போர் யார்?